சொத்து எண் ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை

அவளை எல்லோரும் க்யூப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கான்கிரீட் கலவை தயாரிக்கும் ஆலையில் பதினோரு வருஷமாக அவள் பார்த்த வேலையால் வந்த பெயர். ஒவ்வொரு கலவையிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, எண்ணெய் தடவிய இரும்பு அச்சில் மூன்று அடுக்காகப் போட்டு, கம்பியால் குத்தி இறுக்கி, மறுநாள் அச்சைக் கழற்றி, க்யூப் என்கிற அந்தக் கட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்க வேண்டும். இருபத்தெட்டாம் நாள் வெளியே எடுத்துத் துடைத்து, அழுத்தும் இயந்திரத்தில் வைத்து உடைக்க வேண்டும். எவ்வளவு பாரத்தில் உடைந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். தன் கையால் செய்ததைத் தானே உடைத்துச் சம்பளம் வாங்குகிறவள் ஊரிலேயே நீ ஒருத்திதான் என்று அவள் கணவன் சொல்வான். அவன் அதே ஆலையில் கலவை லாரி ஓட்டினான்.

ஆலைக்குப் பின்னால் உடைந்த பாட்டில் கண்ணாடி ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பக்கத்துத் தொழிற்சாலை மூடும்போது விட்டுவிட்டுப் போனது. ஒரு மழைக்காலத்தில் வேலை குறைவாக இருந்தபோது, க்யூப் அக்கா அதில் கொஞ்சம் அள்ளி அரைத்து, சிமென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அந்தத் தூளைச் சேர்த்துப் பார்த்தாள். இருபத்தெட்டாம் நாள் உடைத்தால் வழக்கமான கட்டிகளுக்குக் கொஞ்சமும் குறையவில்லை. ஆலை மேலாளர் நோட்டை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்.

"ஏம்மா, இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் அவளைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் அவள் பன்னிரண்டு கட்டிகளை உடைக்காமல், லாரி கழுவும் இடத்தின் ஈரமான ஓரத்தில் வைத்திருந்தாள். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது ஐந்து கட்டிகளின் மேல் விரிசல் ஓடியிருந்தது. காய்ந்த குளத்தின் தரை மாதிரி, எல்லாப் பக்கமும். விரிசலில் பிசின்போல ஏதோ கசிந்திருந்தது. மற்ற ஏழும் நன்றாக இருந்தன. ஒரே தூள், ஒரே சிமென்ட், ஒரே தண்ணீர். ஏன் ஐந்து மட்டும் என்று அவளுக்குப் புரியவில்லை.

மேலாளர் அதற்குள் அந்தக் கலவையை எட்டு அடுக்குமாடிகளுக்கான ஒப்பந்தத்தில் சேர்த்திருந்தார்.

"கூரைக்குப் போடாதீங்க சார். ஈரம் பட்டா விரியுது" என்று அவள் சொன்னாள்.

"இருபத்தெட்டு நாள் தாங்கிச்சுல்ல?"

"தாங்கிச்சு."

"பன்னெண்டுல எத்தனை விரிஞ்சுது?"

"அஞ்சு."

"அப்ப மெஜாரிட்டி நல்லாத்தானே இருக்கு."

"சார், அந்தக் கூரைக்குக் கீழ ஆளுங்க தூங்குவாங்க."

மேலாளர் பேனாவை மூடினார். "சொல்றது யாரு? நீ. நீ க்யூப் உடைக்கிறவ. நான் ஒப்பந்தக்காரன்கிட்ட போய், எங்க க்யூப் அக்கா வேணாங்கிறான்னு சொல்ல முடியுமா? ஒரு டாக்டர், பிஎச்.டி. வாங்கினவர், லெட்டர்பேடுல கையெழுத்துப் போட்டுச் சொல்லட்டும். அன்னைக்கே நிறுத்துறேன்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு டாக்டரை அவள் எங்கே போய்த் தேடுவாள் என்ற நிம்மதியில்தான் சொன்னார்.

அந்த மாதமே செய்தித்தாளில் கால் பக்க விளம்பரம் வந்தது. நிலைத்த தொழில்நுட்பத்துக்கும் பொருளறிவியலுக்குமான உயராய்வு நிறுவனம் முனைவர் ஆய்வு வாய்ப்புகளை அறிவித்திருந்தது. பின்னணியில் ஒரு பச்சை இலை, இலை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர். அவள் தபால் வழியில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். விளம்பரத்தை வெட்டி எடுத்துக் கணவனிடம் காட்டினாள்.

"அங்க எத்தனை டாக்டருங்க இருக்காங்க?" என்று அவன் கேட்டான்.

"நாற்பத்தாறு."

"ஒருத்தர் போதுமே நமக்கு."

"ஆமாங்க. உள்ள போனா ஒருத்தராவது பார்ப்பாங்க."

"போ அப்ப. நான் பார்த்துக்கிறேன்" என்றான். எதைப் பார்த்துக்கொள்வான் என்று இருவருமே அப்போது பேசிக்கொள்ளவில்லை.

நிறுவனம் ஐந்து மாடிக் கட்டடம். வாசலில் பச்சைச் சுவர். அதில் செடிகள் பிளாஸ்டிக். உண்மையான செடிக்குத் தண்ணீர் செலவாகும் என்று பக்கத்துப் பலகையில் எழுதியிருந்தது. விண்ணப்பம் கணினியில்தான், காகிதமில்லா முறை. கணினியில் நிரப்பிய பிறகு ஏழு பிரதி எடுத்து நேரில் கொடுக்க வேண்டும்; காகிதமில்லா முறையைப் பின்பற்றியதற்கான உறுதிமொழி தனியே இரண்டு பிரதி.

பிரிவு எழுத்தர் சுடுதண்ணீர் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க அதையே குடிப்பவர். படிவத்தைப் புரட்டினார்.

"விண்ணப்ப எண் இல்லையே."

"அது வரலை சார். வழிகாட்டி சம்மதக் கடிதம் போட்டாத்தான் எண் தரும்னு கம்ப்யூட்டர் சொல்லுது."

"சரி, கடிதம் வாங்கிப் போடுங்க."

"கேட்டேன் சார். விண்ணப்ப எண் இருந்தாத்தான் சம்மதம் தரலாம்னு விதி இருக்காம்."

"ஆமா, இருக்கு."

க்யூப் அக்கா படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "மத்தவங்க எல்லாம் எப்படிப் பண்றாங்க சார்?"

"மத்தவங்க பண்றதில்ல" என்றார் எழுத்தர்.

"அப்ப வாய்ப்புன்னு போட்டிருக்கீங்களே."

"வாய்ப்புன்னுதான் போட்டிருக்கோம். இடம்னு போடலையே."

அவர் கிண்டல் செய்யவில்லை. அந்த நாற்காலியில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து அவர் தெளிந்துகொண்டது அது, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வார். நான்காவது முறை அவள் வந்தபோது, எதுவும் பேசாமல், பழைய ஆண்டில் யாரோ கைவிட்ட ஒரு விண்ணப்பத்தின் எண்ணை எழுதிக் கொடுத்தார். அதனால் நிறுவனத்தின் பதிவேட்டில் க்யூப் அக்கா கடைசிவரைக்கும் ஒரு ஆணாக இருந்தாள். அதைத் திருத்தக் கொடுத்த மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

நேர்முகத் தேர்வில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இயக்குநர். அறை அவ்வளவு குளிராக இருந்ததால் ஐவரும் கோட்டுப் போட்டிருந்தார்கள். அவள் இரண்டு கட்டிகளைத் துணிப்பையில் கொண்டுபோயிருந்தாள், ஒன்று விரிந்தது, ஒன்று விரியாதது. மேஜை மேல் வைத்தாள். கண்ணாடி கீறும் என்று ஒருவர் சொல்ல, மறுபடி பைக்குள் வைத்தாள்.

"உங்கள் ஆய்வின் முடிவு என்ன?" என்று இயக்குநர் கேட்டார்.

"தெரியல சார். அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்."

ஐவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முடிவு தெரியாம எப்படிம்மா விண்ணப்பிச்சீங்க?" என்று ஓரத்தில் இருந்தவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். "எட்டாவது பக்கத்துல முடிவுன்னு ஒரு கட்டம் இருக்கே."

"காலியா விட்டுட்டேன் சார்."

இயக்குநர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "பரவாயில்லை. இவர் தொழிற்சாலையிலிருந்து வருகிறவர். அம்மா, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பொருளைத் தொட்டுப் பார்ப்பது, உடைத்துப் பார்ப்பது என்பதெல்லாம் போன நூற்றாண்டு. நாங்கள் பொருளைக் கடந்து வந்துவிட்டோம். இங்கே நாங்கள் பொருளைப் பற்றிய பார்வையை உருவாக்குகிறோம். பார்வை விரிசல் விடுவதில்லை."

அவளுக்கு இடம் கிடைத்தது. தொழிற்சாலையிலிருந்து வருகிறவர் ஒருவருக்கு ஆண்டறிக்கையில் ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். ஆறு வருஷமாக அந்த வரி காலியாக இருந்தது. எழுத்தர் சேர்க்கைக் கடிதத்தைக் கொடுத்தபோது, "சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ வேணும், அறிக்கைக்கு" என்று மட்டும் சொன்னார். அவள் ஆலையில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தாள். மேலாளர் சேர்க்கைக் கடிதத்தில் ஒரு நகல் கேட்டார். சந்தோஷமாக இருந்ததால் அவள் ஏன் என்று கேட்கவில்லை. கொடுத்துவிட்டாள்.

அவளுடைய வழிகாட்டி ஒரு காலத்தில் கான்கிரீட்டில் பெயர் வாங்கியவர். இப்போது விமானப் பயணத்தின் தீமைகளைப் பற்றிப் பேச மாதம் இரண்டு நாடுகளுக்குப் பறந்துகொண்டிருந்தார். முதல் சந்திப்புக்கு ஏழு வாரம் ஆனது. கட்டியைக் கையில் வாங்கி, விரிசலில் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

"நல்ல கேள்விம்மா. ரொம்ப நல்ல கேள்வி. தூளோட பருமன் காரணமா இருக்கலாம். உங்க அரைவை ஒரே சீரா இருந்திருக்காது. சலிச்சுப் பிரிச்சு, நைஸா ஒண்ணு, கரகரன்னு ஒண்ணு, ரெண்டு வகையா வார்த்துப் பாருங்க." சொல்லும்போதே அவர் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு கட்டியைத் திருப்பிக் கொடுத்தார். "நான் கான்கிரீட்டைத் தொட்டுப் பதினெட்டு வருஷமாச்சு. கைகழுவ எங்க போகணும்னுகூட இந்தக் கட்டடத்துல எனக்குத் தெரியாது."

அந்த ஐந்து நிமிஷம்தான் அவளுக்கு நிறுவனத்தில் கிடைத்த படிப்பு. அது போதுமானதாகவும் இருந்தது.

அடுத்த எட்டு மாதம் தலைப்புக்குப் போனது. 'கண்ணாடித் தூள் கலந்த கான்கிரீட் ஏன் விரிசல் விடுகிறது' என்று அவள் எழுதியிருந்தாள். தலைப்புக் குழு மூன்று முறை கூடியது. விரிசல் என்ற சொல் நம்பிக்கையைக் குலைக்கிறது என்று முதல் கூட்டத்தில் தீர்மானித்தார்கள். ஏன் என்ற சொல் யாரையோ குற்றம் சாட்டுகிறது என்று இரண்டாவதில். மூன்றாவது கூட்டத்தில் கான்கிரீட்டும் போனது. கடைசியில் 'ஒளிபுகு மரபுப்பொருட்களின் மறுபிறப்பும் பசுமை எதிர்காலமும்: ஒரு பார்வை' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அவள் அதை நோட்டின் அட்டையில் ஒட்டிவிட்டு, உள்ளே பழைய தலைப்பையே எழுதிக்கொண்டாள்.

சோதனைக்கூடம் கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கே ஒரு பெரிய அழுத்தும் இயந்திரம், ஆலையில் இருந்ததைவிட நான்கு மடங்கு, தலை முதல் கால்வரை பிளாஸ்டிக் சுற்றி நின்றது. ஆறு வருஷமாகத் திறப்பு விழாவுக்குக் காத்திருக்கிறது என்று அங்கே வேலை பார்த்தவர் சொன்னார். எல்லோரும் அவரை லேப் அண்ணா என்றார்கள்.

"பிளாஸ்டிக்கை மட்டும் நாலு தடவை மாத்தியாச்சு" என்றார் அவர். "பழசு மங்கிடுச்சுன்னா விருந்தாளிங்க வரும்போது நல்லாருக்காதாம்."

"ஓடுமா அண்ணா?"

"மாசத்துக்கு ஒரு தடவை, யாரும் இல்லாதப்ப, எண்ணெய் போட்டு ஓட்டி வச்சிருக்கேன். பாவம், அதுவும் எத்தனை நாள் நிக்கும்."

கணவன் ஆலையிலிருந்து சிமென்ட்டும் மணலும் ஜல்லியும் வண்டியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். அவளும் லேப் அண்ணாவும் நாற்பத்திரண்டு கட்டிகள் வார்த்தார்கள். இருபத்தொன்று நைஸ் தூள், இருபத்தொன்று கரகரத் தூள். எண் எழுதி, ஈரச் சாக்கு சுற்றி, ஒரு மூலையில் அடுக்கினாள். தொட்டியில் போட முடியவில்லை. தண்ணீர் சேமிப்பு மாதம் என்று தொட்டியைக் காலி செய்து, அதில் தண்ணீர் சேமிப்புப் பலகைகளை வைத்திருந்தார்கள்.

ஒரு மாலை கணவன் லாரிச் சாவியை மேஜையில் வைத்துவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"இன்னைக்கு ரெண்டாவது கூரை போட்டோம்" என்றான்.

"எதுல?"

"உன் கலவைலதான்."

அவள் அடுப்பை அணைத்தாள். "டாக்டர் சொன்னா நிறுத்துறேன்னாரே. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். உன் சேர்க்கைக் கடிதத்தைப் பெருசா போட்டோ எடுத்து ஆபீஸ் வாசல்ல மாட்டி வச்சிருக்காரு. கீழ 'உயராய்வு நிறுவனத்தில் ஆய்வில் உள்ள கான்கிரீட்'னு எழுதியிருக்கு. ஒப்பந்தக்காரன் அதைப் பார்த்துட்டு இன்னும் ரெண்டு கட்டடம் சேர்த்துக் கொடுத்துட்டான்."

நிறுத்துவதற்காகத்தான் அவள் போனாள்; அவள் போனதாலேயே வேலை வேகமாக நடந்துகொண்டிருந்தது.

"கரகரத் தூளா, நைஸா?"

"நைஸா அரைக்க யாருக்கு நேரம் இருக்கு?" என்றான் அவன். பிறகு, "நான் வேணும்னா ஓட்ட மாட்டேன்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டான்.

"நீங்க ஓட்டலைன்னா இன்னொருத்தர் ஓட்டுவாரு."

மறுநாள் அவள் இயக்குநரைப் பார்க்க எழுதிக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் நேரம் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து அவள் கையைக் குலுக்கினார்.

"தொழில்துறை உங்கள் ஆய்வை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆய்வு முடிவதற்கு முன்பே. இது இந்த நிறுவனத்தின் வரலாற்றில் முதல் முறை."

"சார், அது விரியும். நிறுத்தச் சொல்லி நீங்க ஒரு கடிதம் கொடுத்தாப் போதும்."

"கடிதம் கொடுக்க முடிவு வேண்டும். முடிவுக்குச் சோதனை வேண்டும். சோதனை செய்துவிட்டீர்களா?"

"கட்டியை உடைக்கணும் சார். இயந்திரம் திறக்கலை."

"அதற்குத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அவர் மேஜையில் இருந்த ஒரு பச்சைப் பேனாவை அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார். அது எழுதவில்லை.

கட்டிகளை உடைப்பதில் இன்னொரு சிக்கல் இருந்தது. எழுத்தர்தான் பிளாஸ்க் மூடியை ஊதிக்கொண்டே சொன்னார். நிறுவன வளாகத்தில் உருவான எந்தப் பொருளும் நிறுவனத்தின் சொத்து. நாற்பத்திரண்டு கட்டிகளும் சொத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டன. உடைப்பது சொத்து அழிப்பு. அதற்குக் கழிவு செய்யும் குழுவின் அனுமதி வேண்டும்.

"உடைக்கிறதுக்காகவே செஞ்சது சார் இது."

"அதைப் பதிவேட்டுல எழுத முடியாதும்மா. எதுக்கு வாங்கினோம்னு கட்டம் இருக்கு, எதுக்கு உடைக்கப்போறோம்னு கட்டம் இல்ல."

குழு ஐந்து மாதம் கழித்து வந்தது. மூன்று பேர், மூன்று பேரும் பொருளறிவியலில் முனைவர்கள். சாக்கை விலக்கிப் பார்த்தார்கள். கரகரத் தூள் கட்டிகளில் அதற்குள் மெல்லிய கோடுகள் தெரிய ஆரம்பித்திருந்தன.

"இது வேலை செய்யுதா?" என்று முதலாமவர் கேட்டார்.

"கான்கிரீட் கட்டி சார்."

"அது தெரியுது. வேலை செய்யுதா இல்லையா? பழுதான சொத்தைத்தான் கழிக்கலாம்."

க்யூப் அக்கா யோசித்தாள். "சும்மாதான் சார் இருக்கு."

"சும்மா இருக்கறது பழுதாகாது" என்றார் இரண்டாமவர். "அப்படிப் பார்த்தா இந்தக் கட்டடத்துல..." என்று ஆரம்பித்து, மற்ற இருவரையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"விரிசல் விட்டிருக்கு பாருங்க சார்" என்று அவள் காட்டினாள்.

"அது தோற்றம். தோற்றத்துக்கு வேற குழு இருக்கு."

நாற்பத்திரண்டும் நல்ல நிலையில் இயங்குகின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். லேப் அண்ணா மறுபடி சாக்கை நனைத்துச் சுற்றினார்.

அவள் சேர்ந்த மூன்றாம் வருஷம் இயந்திரத்துக்குத் திறப்பு விழா வந்தது. மேலே நாற்காலிகள், பூங்கொத்துகள், ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர். சிறப்பு விருந்தினர் வர மூன்று மணி நேரம் ஆனது. பிளாஸ்டிக்கை அகற்றிப் பச்சை ரிப்பன் கட்டியிருந்தார்கள். இயக்குநர் நாற்பது நிமிஷம் பேசினார்.

"நம் நிறுவனம் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பதினைந்து ஆண்டுகளில் இங்கே ஒரே ஒரு சோதனையும் தோற்றதில்லை என்பதைப் பெருமையோடு சொல்வேன். உலகில் எந்த ஆய்வுக்கூடமாவது இப்படிச் சொல்ல முடியுமா? காரணம் எளிது. நாம் அவசரப்படுவதில்லை. மற்றவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். நாம் பேசி முடித்துவிட்டுத்தான் சோதனையைப் பற்றி யோசிப்போம். பேசி முடிக்கவே நமக்கு நேரம் சரியாக இருந்தது. இந்த இயந்திரத்தைப் பாருங்கள். எட்டு ஆண்டுகளாக ஒரு கீறல் இல்லை. பொருட்களைக் காப்பாற்றுவதுதானே நிலைத்தன்மை?"

எல்லோரும் கை தட்டினார்கள். சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்டினார், பச்சைப் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது. புகைப்படம் எடுத்தார்கள். மேலே வந்து சாப்பிட்டார்கள். மாலைக்குள் லேப் அண்ணாவுக்கு ஒரு புதுப் பிளாஸ்டிக் உருளை வந்து சேர்ந்தது. இயந்திரம் திறக்கப்பட்டுவிட்டது, ஆனால் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதற்கு வேறு விழா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல், க்யூப் அக்கா நிறுவனத்துக்குப் போனாள். முந்தின நாள் அவள் கணவன் ஐந்தாவது கூரைக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தான். லேப் அண்ணா கீழ்த்தளக் கதவில் சாவியோடு நின்றார். அவள் வரச் சொல்லவில்லை.

"நீங்க போயிடுங்க அண்ணா. நான் மட்டும் பண்ணினதா இருக்கட்டும்."

"உனக்கு அந்த வால்வைத் திருப்பத் தெரியாது" என்று சொல்லி அவர் பிளாஸ்டிக்கைப் பிரித்தார்.

மூன்றரை மணி நேரத்தில் நாற்பத்திரண்டையும் உடைத்தார்கள். அவள் வைத்தாள், அவர் பாரத்தை ஏற்றினார், அவள் எழுதினாள். நைஸ் தூள் கட்டிகள் ஒவ்வொன்றும் பட்டென்று, நேர்மையான சத்தத்தோடு, எதிர்பார்த்ததற்கு மேலேயே உடைந்தன. கரகரத் தூள் கட்டிகளில் பத்தொன்பது ஏற்கெனவே விரிந்திருந்தன. அவை சத்தம்கூடப் போடவில்லை. மூன்றில் ஒரு பங்கு பாரம் பாக்கியிருக்கும்போதே பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன. கடைசிக் கட்டியில் அவளுக்குக் கண் கலங்கியது. அழுகிறாளா, தூசியா என்று லேப் அண்ணா கேட்கவில்லை. மூன்று வருஷமாக அவள் கேட்ட கேள்விக்கு ஒரு மத்தியானத்தில் பதில் வந்துவிட்டது. அவ்வளவு சின்னதுதான் அந்தக் கேள்வி.

திங்கட்கிழமை அந்தக் கணக்கைக் கையால் எழுதி மேலாளரிடம் கொண்டுபோனாள்.

"லெட்டர்பேடு எங்க?" என்றார் அவர்.

கீழ்த்தளத்தில் கிடந்த உடைசலைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே நிறுவனத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். நாற்பத்திரண்டு சொத்துகளை அனுமதியின்றி அழித்ததற்குக் குற்றக் குறிப்பாணை. எழுத்தர் அதன் இணைப்பை அவள் பக்கம் நகர்த்தினார். நாற்பத்திரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் நான்கு கட்டம்: சொத்தின் விவரம், அழிப்பதற்கு முன் அதன் நிலை, அழித்த விதம், பயன்படுத்திய விசை.

"இதை நீங்கதான் நிரப்பணும். எங்களுக்குத் தெரியாதுல்ல."

"என் மேல குற்றம் சாட்டுறதுக்கு நானே எழுதணுமா சார்?"

"காலியா விட்டா மேல திருப்பி அனுப்பிடுவாங்க. சரியா எழுதுங்க, அடிச்சுத் திருத்தாதீங்க."

அவள் முன்கூட்டியே திட்டம் போட்டாள் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அப்படி இல்லை. படிவத்தில் கேள்வி இருந்தது, அவளிடம் பதில் இருந்தது. அந்த நிறுவனத்தில் அவை இரண்டும் சந்தித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. 'கரகரப்பான கண்ணாடித் தூள் கலந்த கான்கிரீட் கட்டி. ஈரத்தில் வைத்த பதினான்காம் மாதம் எல்லாப் பக்கமும் விரிசல்.' பக்கத்தில் எத்தனை பாரத்தில் உடைந்தது என்ற எண். வரிசை வரிசையாக நாற்பத்திரண்டு. எழுத்தர் அதைத் தட்டச்சு செய்தார். இருபத்திரண்டாவது வரியில் நிறுத்தி, அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பிளாஸ்க்கிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் குடித்துவிட்டு மறுபடி அடித்தார். முடித்ததும், வழக்கமாக ஒரு இடத்தில் வைக்கும் முத்திரையை மூன்று பக்கத்திலும் வைத்து, இயக்குநரின் கையெழுத்துக்கு அனுப்பினார். குற்றக் குறிப்பாணைகளை இயக்குநர் உடனே கையெழுத்திடுவார். அந்த ஒரு விஷயத்தில் நிறுவனத்தில் தாமதம் கிடையாது.

மறுநாள் மேலாளர் மூன்று பக்கத்தையும் நின்றபடியே படித்தார்.

"இது உன்னைத் திட்டி எழுதினதும்மா."

"ஆமா சார்."

"கையெழுத்து யாரோடது?"

"இயக்குநர். முனைவர்னு முன்னாடி இருக்கு பாருங்க. லெட்டர்பேடுதான்."

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். கரகரப்பான, விரிசல். கரகரப்பான, விரிசல். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது என் கைக்கு வந்ததுக்கு அப்புறம் கூரை விரிஞ்சா, தெரிஞ்சே போட்டேன்னு ஆயிடும்ல" என்றார்.

"ஆயிடும் சார்."

"கொண்டு வராமலே இருந்திருக்கலாம் நீ."

அவர் போனை எடுத்து ஐந்தாவது கூரையை நிறுத்தச் சொன்னார். அவள் கணவன் அப்போது லாரியோடு பாதி வழியில் இருந்தான். அந்தக் கலவையைத் திருப்பிக் கொண்டுவந்து ஆலைக்குப் பின்னால் கொட்டினான். வாசலில் மாட்டியிருந்த சேர்க்கைக் கடிதத்தை மேலாளர் தன் கையாலேயே கழற்றினார்.

நிறுவனம் அவளை நீக்கியது. லேப் அண்ணாவைத் தோட்டப் பிரிவுக்கு மாற்றியது. செடிகள் பிளாஸ்டிக் என்பதால் அவருக்குத் தூசி தட்டுகிற வேலைதான். அந்த ஆண்டறிக்கையில் அவளுடைய சிரித்த போட்டோ வந்தது. கீழே, தொழில்துறை ஏற்ற ஆய்வுகள்: ஒன்று.

ஆலையில் அவள் இடத்துக்கு வேறு ஒருவர் வந்திருந்தார். ஆனால் நான்கு கூரைகள் ஏற்கெனவே போடப்பட்டு, அவற்றின் கீழே குடும்பங்கள் குடிவந்துவிட்டன. மேலாளர் அவளுக்கு அதைப் பார்த்துக்கொள்கிற வேலையைக் கொடுத்தார். மேல்தளம் முழுக்க நீர் இறங்காதபடி தார் பூசச் சொன்னாள், பூசினார்கள். மாதம் ஒரு தடவை கடைசி மாடி வீடுகளுக்குப் போய், முக்காலியில் ஏறி, விட்டத்தில் தெரியும் விரிசலின் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவாள்.

போன மாதம் ஒரு வீட்டில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெள்ளையடிச்சிடலாமா? நாத்தனார் வர்றாங்க. இந்தக் கோட்டையெல்லாம் பார்த்தா ஏதாச்சும் கேப்பாங்க."

"இந்த வருஷம் வேணாம்மா. அடிச்சிட்டா நீண்டிருக்கான்னு எனக்குத் தெரியாது."

"விழுந்திடுமா?"

க்யூப் அக்கா போன மாதக் கோட்டையும் விரிசலின் முனையையும் பார்த்தாள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன. விரலால் தடவியும் பார்த்தாள்.

"இந்த மாசம் நகரல" என்றாள். "நகர்ந்தா உங்ககிட்டதான் முதல்ல சொல்லுவேன்."

"எத்தனை நாளைக்கு இப்படி வருவீங்க?"

க்யூப் அக்கா பென்சிலை எடுத்தாள். தேதியை எழுதிவிட்டு இறங்கினாள். முக்காலியை ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தாள்.

"எதிர் வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கும்மா?" என்று கேட்டாள்.